பல்சர் 150-ஆ, எஃப்இசட்-எஸ் வி2-ஆ: உங்கள் உடம்புக்கு எது பொருந்தும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து கொழும்பில் பைக் வாங்குவது என்றாலே பெரும்பாலும் பாவித்த பைக் வாங்குவது என்றாகிவிட்டது. 2025இல் இறக்குமதி மீண்டும் தொடங்கிய பின்னரும், கையில் இருக்கும் காசுக்குப் பழையதைத் தேடுபவர்கள் குறையவில்லை. அப்படித் தேடுபவர்கள் அடிக்கடி வந்து நிற்கும் இடம் இந்த இரண்டு பைக்குகள்தான். விலை, பெற்றோல் பாவனை, உதிரிப்பாகம் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தப் பைக்கில் தினமும் குந்தப்போகும் உடம்பைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. இந்தப் பக்கம் அதற்கு மட்டும்.

எந்த மொடல்களை வைத்துப் பேசுகிறீர்கள்?

பஜாஜ் பல்சர் 150இல் ஒற்றை நீள சீட்டும் கிளிப்-ஒன் ஹெண்டிலும் (இடமும் வலமும் தனித்தனித் துண்டாகப் பூட்டிய ஹெண்டில்) உள்ள வகை. யமஹாவில் 2014இல் வந்த, இரண்டு துண்டு சீட் உள்ள எஃப்இசட்-எஸ் வி2. மிகப் பழைய பல்சர்களில் ஒரே குழாயாலான ஹெண்டில் இருந்தது. அவற்றுக்கு ஹெண்டில் பற்றிக் கீழே சொல்பவை பொருந்தாது.

பல்சரின் சீட் உயரம் 785 மி.மீ., எஃப்இசட்டின் உயரம் 790 மி.மீ. அப்படியென்றால் கட்டையானவர்களுக்குப் பல்சர்தானே?

5 மி.மீ. என்பது ஒரு செருப்பின் தேய்மானம். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

சீட் உயரம் என்பது நிலத்திலிருந்து சீட்டின் பள்ளமான இடம் வரைக்குமான அளவு. உங்கள் கால் அந்தக் கோட்டில் நேராக இறங்குவதில்லை. முதலில் சீட்டின் அகலத்தைச் சுற்றிப் பக்கவாட்டில் விரிந்து, பிறகுதான் கீழே போகிறது. சீட்டின் முன்பக்கம் அகலமாக இருந்தால் அதே உயரத்திலும் குதி தூக்கிக்கொள்ளும். எஃப்இசட்டின் பெற்றோல் தாங்கி பருத்தது, தொடையை அகட்டி வைக்கும். பல்சரின் தாங்கி நீளமானது, முழங்கால் அணைக்கும் இடத்தில் ஒடுக்கமானது. ஆகவே பல்சரில் கால் எட்டுவது சிலருக்கு இலகுவாக இருக்கும். அதற்குக் காரணம் அந்த 5 மி.மீ. இல்லை.

ஆள் ஏறியதும் சஸ்பென்ஷன் அமுங்கிச் சீட் கொஞ்சம் கீழே இறங்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 80 கிலோ ஆளுக்கு இறங்கும் அளவு 50 கிலோ ஆளுக்கு இறங்காது. மெலிந்த, கட்டையான ஒருவருக்குப் பைக் இரண்டு விதத்திலும் உயரமாகத் தெரிவது இதனால்தான்.

நான் 5 அடி 3 அங்குலம். இரண்டு பாதமும் முழுதாக ஊன்ற வேண்டுமா?

இல்லை. ஒரு பாதம் முழுதாகவும், மற்றதில் முன்பாதமும் ஊன்றினால் போதும். எந்தப் பாதம் என்பதுதான் முக்கியம்.

நாங்கள் இடப்பக்கமாக ஓடுகிறோம். மழைநீர் வழிந்தோட வீதிகள் நடுவில் மேடாகவும் ஓரங்களில் தாழ்வாகவும் போடப்படுகின்றன. காலி வீதியில் பஸ்ஸுக்கு ஒதுங்கி இடது ஓரமாக நிற்கும்போது உங்கள் இடது காலின் கீழே நிலம் வலது காலின் கீழே இருப்பதைவிடத் தாழ்வாக இருக்கும். பின் பிரேக்கை மிதிப்பதற்காக வலது காலை மேலே வைத்துக்கொண்டு, இடது காலைத்தான் ஊன்றுவீர்கள். எட்டாமல் போகும் வாய்ப்பு அதிகமுள்ள பக்கமே உங்களைத் தாங்கும் பக்கமும் ஆகிறது. வடிகானின் சிமெந்து மூடிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள், நான் சொல்வது உடனே விளங்கும்.

ஆகவே விற்பவரின் வீட்டு முற்றத்தில், மட்டமான தரையில் ஏறியிருந்து "எட்டுது" என்று திருப்திப்படாதீர்கள். வீதியின் இடது ஓரத்தில் நிறுத்தி, வலது கால் பிரேக்கில் இருக்க, இடது காலால் மட்டும் தாங்கிப் பாருங்கள்.

வீட்டில் கால் அளவை எப்படி எடுப்பது?

வெறுங்காலுடன் சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். தடித்த அட்டையுள்ள ஒரு கொப்பியைக் கவட்டுக்குள் மேலே நன்றாக அழுத்திப் பிடியுங்கள். அதன் மேல் விளிம்பு சுவரில் தொடும் இடத்திலிருந்து தரை வரைக்கும் அளந்தால் உங்கள் உட்கால் நீளம் கிடைக்கும். காற்சட்டை தைக்கக் கொடுக்கும் அளவு இதைவிடக் குறைவாகவே இருக்கும், அதைப் பாவிக்காதீர்கள். ஓடும்போது போடும் சப்பாத்தின் அடித்தடிப்பைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஹெண்டில் வித்தியாசம் உண்மையில் உடம்பில் தெரியுமா?

இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் பெரிய வித்தியாசமே அதுதான்.

பைக்கில் உங்கள் உடம்பு மூன்று இடங்களில் தொடுகிறது: சீட்டில் இடுப்பு, ஹெண்டிலில் கை, மிதியில் கால். இந்த மூன்று புள்ளிகளும் சேர்ந்த முக்கோணம்தான் உங்கள் பாரத்தை யார் எவ்வளவு சுமப்பது என்று தீர்மானிக்கிறது. எஃப்இசட்டில் ஒரே குழாயாலான அகன்ற ஹெண்டில். தோள் விரிந்து, முதுகு நிமிர்ந்து, பாரத்தின் பெரும்பகுதி சீட்டில் இறங்கும். பல்சரில் முன் ஃபோர்க்கின் இரு பக்கத்திலும் தனித்தனியாகப் பூட்டிய கிளிப்-ஒன். பந்தயப் பைக் அளவுக்குப் பதிவானதில்லை. ஆனாலும் உடம்பு சற்று முன்சாயும், உள்ளங்கையில் கொஞ்சம் பாரம் விழும்.

முன்சாய்வு தன்னளவில் கெட்டதில்லை. வேகமாகப் போகும்போது முன்னிருந்து வரும் காற்று நெஞ்சைத் தாங்குகிறது. அப்போது சாய்ந்திருப்பவருக்குக் கையில் பாரமே தெரியாது. நிமிர்ந்திருப்பவர்தான் காற்றுக்கு எதிராக ஹெண்டிலைப் பிடித்துத் தொங்க வேண்டும். பொரளைச் சந்தியிலும் மருதானையிலும் அந்தக் காற்று இல்லை. நடக்கும் வேகத்தில் ஊர்ந்து, நின்று, மறுபடி ஊரும்போது முன்சாய்ந்த உடம்பைத் தாங்க மணிக்கட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. போதாததற்கு ஒவ்வொரு பிரேக்கும் உடம்பை இன்னும் முன்னே தள்ளும்.

அதனால்தான் ஒரே பல்சரைப் பற்றி நீர்கொழும்பிலிருந்து வருபவர் "சொகுசு" என்றும், கொட்டாஞ்சேனையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்குப் போய்வருபவர் "கை உழையுது" என்றும் சொல்கிறார்கள். இருவரும் சொல்வது உண்மை. அவரவர் ஓடும் வேகம் வேறு.

ஓடும்போது விரல்கள் விறைக்கின்றன. பைக்கின் பிழையா?

எந்த விரல்கள் என்று முதலில் கவனியுங்கள். சின்னவிரலும் மோதிரவிரலும் விறைத்தால், உள்ளங்கையின் சின்னவிரல் பக்கம் ஓடும் அல்னார் நரம்பு அழுத்தப்படுகிறது. கையின் வெளி ஓரத்தை ஹெண்டிலில் ஊன்றிப் பாரம் போடுகிறீர்கள் என்பதற்கு அது அடையாளம். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டின் நடுவே போகும் மீடியன் நரம்பு. பெரும்பாலும் மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்தபடி நீண்ட நேரம் இருப்பதால் வருவது.

இரண்டாவதற்கு வைத்தியம் பல நேரம் ஒரு ஸ்பனர்தான். கிளச், பிரேக் லீவர்களின் பிடியைத் தளர்த்தி, சீட்டில் இயல்பாக இருக்கும்போது முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஒரே நேர்கோடாக வரும்படி லீவரைக் கீழே திருப்பி இறுக்குங்கள். இரண்டு பைக்கிலும் இதைச் செய்யலாம். லீவர்கள் மேலே தூக்கி நிற்கும் பைக்குகளைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். முன்பு ஓடியவரின் கைக்குச் சரியாக இருந்ததை வாங்கியவர் மாற்றாமலே வருடக்கணக்காக ஓடுகிறார்.

எஃப்இசட்டில் ஹெண்டிலையே பிடியில் தளர்த்தி முன்னுக்கோ பின்னுக்கோ சற்றுச் சுழற்றலாம். பல்சரின் கிளிப்-ஒன்னில் அந்த வசதி இல்லை. லீவரை மாற்றியும் சரிவரவில்லையென்றால், பைக்கில் இல்லாத நேரத்திலும் விறைப்பு இருந்தால், வைத்தியரிடம் காட்டுங்கள்.

நாரி உழைவு இருப்பவருக்கு நிமிர்ந்த எஃப்இசட் நல்லது என்கிறார்களே?

பாதி சரி. நிமிர்ந்து இருந்தால் கை தப்பும், ஆனால் பள்ளத்தில் விழும் அதிர்ச்சி சீட்டிலிருந்து நேரே முள்ளந்தண்டுக்கு ஏறும். கொஞ்சம் முன்சாய்ந்தவரின் இடுப்பு அந்த அடியைச் சற்று மடிந்து வாங்கும். எஃப்இசட்டில் கூன்போட்டு, வால் எலும்பில் குந்தியபடி ஓடுபவரின் நாரிதான் மிக மோசமாகப் பழுதாகும்.

பின் ஷொக்கின் இறுக்கத்தையும் பாருங்கள். எஃப்இசட்டில் ஒற்றை மொனோஷொக், பல்சரில் இரு பக்கமும் இரண்டு. இரண்டு வகையிலும் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைப் படிப்படியாக மாற்றலாம். எப்போதோ பாரம் ஏற்றுவதற்காக இறுக்கியதை அப்படியே விட்டுவிட்டுத் தனியாக ஓடினால், ஒவ்வொரு குழியும் நாரியில் கேட்கும். பல்சரில் இடமும் வலமும் ஒரே படியில் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வேறுபட்டிருக்கும் பைக்குகள் ஆச்சரியப்படும் அளவுக்கு உண்டு.

உயரமானவர்களுக்கு?

ஆறடிக்கு மேற்பட்டவர் இரண்டிலும் முழங்காலைத்தான் முதலில் உணர்வார். சீட்டுக்கும் மிதிக்கும் உள்ள தூரம் குறைவென்றால் முழங்கால் கூர்மையாக மடியும். செங்கோணத்தைவிட இறுக்கமாக மடிந்தால் அரை மணியில் இறங்கி உதறத் தோன்றும். எஃப்இசட்டின் தாங்கியில் முழங்காலுக்கென்று வெட்டிய பள்ளம் நீண்ட காலுக்கு முன்னாலேயே முடிந்துவிடலாம். முழங்கால் அந்தப் பள்ளத்துக்குள் அமர்கிறதா, அதன் விளிம்பில் முட்டுகிறதா என்று பாருங்கள். உயரமானவர்களுக்குப் பல்சரின் ஒற்றை சீட் ஒரு வசதி, பின்னுக்கு நகர்ந்து இருக்க இடம் உண்டு. வி2இன் இரண்டு துண்டு சீட்டில் பின்சீட்டின் மேடு உங்களை நிறுத்திவிடும்.

பாரம் எவ்வளவு வித்தியாசம்? அது ஒரு விடயமா?

எஃப்இசட்-எஸ் வி2 132 கிலோ, பல்சர் 150 144 கிலோ. ஓடும்போது 12 கிலோ மறைந்துவிடும். புறக்கோட்டையின் குறுக்குத் தெருவொன்றில் இரண்டு லொறிகளுக்கு நடுவே பைக்கைப் பின்னுக்குத் தள்ளும்போது மறையாது. வெள்ளவத்தையில் தொடர்மாடிக் கட்டடத்தின் கீழே நெருக்கி நிறுத்தி, தினமும் காலையில் நான்கு பைக்குகளுக்கு நடுவிலிருந்து உருவி எடுப்பவர் என்றால் இந்த 12 கிலோவுக்கு நல்ல மதிப்புக் கொடுங்கள். தாங்கி நிறைந்திருக்கும்போதே தள்ளிப் பாருங்கள். பல்சரின் தாங்கி 15 லீற்றர், எஃப்இசட்டினது 12. நிறைந்த தாங்கியின் பாரம் உயரத்தில் இருப்பதால் பைக் சரியும்போது அதிகமாகத் தெரியும்.

பின்னால் மனைவி வருவார். எது?

பல்சர். எனக்கு இதில் தயக்கமே இல்லை. நீண்ட, மட்டமான சீட், பிடிக்க உறுதியான கம்பி, பின்னால் இருப்பவரும் முன்னால் இருப்பவரும் கிட்டத்தட்ட ஒரே உயரம். வி2இன் பின்சீட் சிறியது, முன்சீட்டைவிட மேலே நிற்பது. பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் உங்கள் முதுகின் மேல் வழுக்கி வருவார், அந்தப் பாரம் கடைசியில் உங்கள் மணிக்கட்டுக்குத்தான் போகும். ஓடிப் பார்க்கும்போது அவரையும் கூட்டிப்போய், இறங்கிய பின் அவருடைய அபிப்பிராயத்தைக் கேளுங்கள். தினமும் பின்னால் இருந்து வேலைக்குப் போகிறவருக்கும் இந்தப் பைக்கில் பாதி உரிமை உண்டு.

சாப்பாட்டு டெலிவரி செய்கிறேன். நாள் முழுக்கப் பைக்கில்தான்.

எஃப்இசட். அல்லது, சொல்லவும் வேண்டும், இரண்டுமே இல்லாமல் இன்னும் பாரம் குறைந்த ஒரு பைக். நாளுக்கு எத்தனையோ தடவை ஏறி இறங்குபவருக்கு, பின்னால் பெட்டி இருக்கும்போது காலை அதன் மேலால் வீச முடியாது. முழங்காலை மடக்கி சீட்டின் மேலால் நுழைக்க வேண்டும். இதைப் பெட்டியோடு பழகிப் பாருங்கள். பெட்டியை முடிந்தவரை முன்னுக்குத் தள்ளிக் கட்டினால் முன் ரயர் இலேசாகாது, ஹெண்டிலும் ஆடாது. ஆனால் உங்கள் நாரியில் முட்டும் அளவுக்கு முன்னுக்கு வேண்டாம்.

ஓடிப் பார்க்கும்போது என்ன செய்ய வேண்டும்?

இரண்டு பைக்கையும் ஒரே விதமாகச் சோதியுங்கள். அதே சப்பாத்து, அதே ஹெல்மெட், முதுகில் வழக்கமாகக் கொண்டுபோகும் அதே பை. முடிந்தால் ஒரே நாளில், ஒரே வீதியில்.

எஞ்சினை இயக்குவதற்கு முன் கண்ணை மூடி ஏறியிருங்கள், தோளைத் தளர்த்தி இரண்டு கையையும் நீட்டுங்கள். கண்ணைத் திறக்கும்போது கை ஹெண்டிலுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது? தேடிப் போக வேண்டியிருந்தால் அந்தத் தூரத்தை உங்கள் தோள் தினமும் சுமக்கும். பிறகு ஹெண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். வெளிப்பக்கக் கை லீவரை விடாமல் பிடிக்க முடிகிறதா? யூ வளைவில் கட்டையானவர்கள் விழுவது பல நேரம் இந்த இடத்தில்தான்.

ஓடத் தொடங்கியதும் ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். முதல் ஐந்து நிமிடத்துக்கு எந்த சீட்டும் மெத்தைதான். குறைந்தது இருபது நிமிடம், அதில் பாதியாவது நெரிசலில். மரைன் டிரைவில் காற்று வாங்கிக்கொண்டு ஒரு நேர் ஓட்டம் போய்வந்தால் எல்லாப் பைக்கும் அழகுதான். அதன் பிறகு காலி வீதிக்கு ஏறி, பஸ்ஸின் பின்னால் நின்று நின்று வாருங்கள். நடுவில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது உங்களையே கேளுங்கள்: இப்போது எங்கே முதலில் தெரிகிறது, உள்ளங்கையிலா, வால் எலும்பிலா, முழங்காலிலா? அந்த இடம்தான் ஒரு மணி நேரத்தில் வலிக்கப் போகும் இடம்.

பாவித்த பைக்கை இவ்வளவு நேரம் தரத் தயங்குவார்கள், அது நியாயமும்தான். "அண்ணே, நீங்களும் பின்னால ஏறுங்கோ, ஒருக்கா வெள்ளவத்தை வரைக்கும் போய் வருவம்" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஒரு பைக் எனக்குப் பொருந்தவில்லையா, அல்லது அது விழுந்து வளைந்ததா? எப்படிக் கண்டுபிடிப்பது?

மிக நல்ல கேள்வி, கேட்பவர்கள் குறைவு. ஒரு தோள் மட்டும் உழைந்தால், ஒரு முழங்கால் மட்டும் நொந்தால், பெரும்பாலும் பைக் கோணலாக இருக்கிறது. முன் சில்லை நேராக வைத்து, தாங்கிக்கு மேலாக நின்று இரண்டு பிடிகளும் ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். விழுந்த பல்சரில் கிளிப்-ஒன் ஒரு பக்கம் சுழன்று நிற்கும். எஃப்இசட்டில் குழாயே ஒரு பக்கம் வளைந்திருக்கும். பின்னர் இரண்டு மிதிகளும் ஒரே உயரத்தில், ஒரே கோணத்தில் இருக்கின்றனவா என்று பின்னாலிருந்து பாருங்கள். மிதி மேல்நோக்கி வளைந்திருந்தால் அந்தப் பக்க முழங்கால் கூடுதலாக மடியும்.

சீட்டையும் கையால் அழுத்துங்கள். பழைய ஸ்பொஞ்ச் நொய்ந்து, அடியிலுள்ள பிளாஸ்டிக் கைக்குத் தட்டுப்பட்டால் நீங்கள் சோதிப்பது அந்தப் பைக்கின் சீட்டையே இல்லை. புது ஸ்பொஞ்ச் போட்டால் வசதி கூடும், உயரமும் கூடும். கால் எட்டுவது அந்த உயரத்தில்தான் தெரியும்.

பொருந்தாததை மாற்றிப் பொருத்தலாமா? ஹெண்டில் உயர்த்துவது, சீட்டைக் குறைப்பது?

சிறியதிலிருந்து தொடங்குங்கள். லீவர்க் கோணம், கியர் லீவர், பின் பிரேக் மிதியின் உயரம், ஷொக் இறுக்கம். இவற்றுக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை.

அடுத்தது சீட். குஷன் வேலை செய்பவரிடம் முன்பக்க ஓரங்களை மட்டும் சாய்வாகச் செதுக்கச் சொல்லுங்கள். நடுவிலுள்ள தடிப்பில் கை வைக்காமலே கால் கீழே இறங்கும். மொத்த ஸ்பொஞ்சையும் வெட்டினால் எட்டும், ஆனால் வால் எலும்பு பிளாஸ்டிக்கில் குந்தும்.

பல்சருக்கு உயரமான ஹெண்டில் பூட்டப் பஞ்சிகாவத்தையில் சாமான் கிடைக்கும். பூட்டிய பின் ஹெண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி மூன்றைப் பாருங்கள்: பிரேக் குழாய் இழுபடுகிறதா, பிடியோ கையோ தாங்கியில் இடிக்கிறதா, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது திருப்பினால் அதன் சத்தம் தானாகக் கூடுகிறதா. மூன்றாவது நடந்தால் அக்சிலரேட்டர் கேபிள் நீளம் போதவில்லை. அந்தப் பைக்கை எடுத்துக்கொண்டு வீதிக்கு வராதீர்கள்.

சஸ்பென்ஷனைக் கட்டையாக்குவது கடைசி வழி, எனக்கு விருப்பமில்லாத வழி. பின்னை மட்டும் தாழ்த்தினால் திருப்பும் குணம் மாறும், பக்க ஸ்டாண்ட் மிஞ்சி நின்று பைக் வலப்பக்கம் சரியப் பார்க்கும், வேகத்தடைகளில் அடி தட்டும். ஸ்பிரிங்கை வெட்டித் தருகிறேன் என்று சொல்லும் கராஜிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கும் இதிலேயே போக நினைக்கிறேன்.

ஏறத்தாழ 400 கிலோமீற்றர். புத்தளம் வழியாகவோ ஏ9 வழியாகவோ போனாலும் நீண்ட நேர் ஓட்டங்கள் வரும். அங்கே பல்சரின் சிறு முன்சாய்வும் பெரிய தாங்கியும் கைகொடுக்கும். ஆனால் வருடத்தில் இரண்டொரு பயணத்துக்காக, மீதி நாட்களில் தினமும் கையை உழைய விட வேண்டாம்.

எஃப்இசட் வி3 கிடைத்தால்?

2019இல் வந்த வி3இல் ஒற்றை சீட்டும் சற்று உயர்ந்த ஹெண்டிலும் உண்டு. பின்னால் ஆள் ஏற்றுவது பற்றி வி2க்குச் சொன்ன குறை அதில் பெரும்பாலும் இல்லை. தனியாகவும் இருவராகவும் நகருக்குள் ஓடுபவருக்கு, விலை ஒத்துவந்தால், இந்த மூன்றில் அதைத்தான் சொல்வேன்.

செருப்புப் போட்டுத்தான் ஓடுவேன். அதற்கு எது வசதி?

எதுவும் இல்லை. கியரை விரல்நுனியால் மேலே தூக்கும்போது லீவர் நேரே பாதத்தின் மேற்தோலில் உரசும். நெரிசலில் அது நாளுக்கு நூற்றுக்கணக்கான தடவை. மழையில் ரப்பர்ச் செருப்பு மிதியிலிருந்து வழுக்கும், இடது காலை ஊன்றும்போது கழன்றும் போகும். கணுக்கால் மூடிய ஒரு சப்பாத்து வாங்குங்கள், வாங்கிய பின் கியர் லீவரை அதன் தடிப்புக்கு ஏற்றபடி ஒரு பல் மேலே தூக்கிப் பூட்டச் சொல்லுங்கள்.